ஓடை இல்லாத தீவு

இதை எழுத வேண்டும் என்று நினைக்க ஆரம்பித்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் முடிந்ததும் இந்தத் தடவை எழுதிவிடலாம் என்று இருப்பேன். ஒருமுறை நோட்டுகூட வாங்கினேன். முதல் பக்கத்தில் ‘ஆண்டவர் துணை’ என்று எழுதியதோடு சரி, மீதிப் பக்கங்களில் பேத்தி யானை வரைந்துவிட்டாள். எட்டாம் வகுப்போடு நின்றவன், எனக்கு எழுத்து ஓடாது என்று கேட்கிறவர்களிடம் சொல்லி வந்தேன். அது சாக்கு. எழுதினால் நான் செய்த ஒரு காரியம் வெளியே வந்துவிடும். அந்தக் கூச்சம்தான் கையைப் பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டு முன்னறைக் கண்ணாடி அலமாரியில், பிள்ளைகள் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பைகளுக்கு நடுவே, வெள்ளைத் துணி விரித்து ஒரு சிரட்டையை வைத்திருந்தேன். கடலில் வெகுநாள் மிதந்து கறுத்துப்போன பாதித் தேங்காய் ஓடு. அதன் வெளிப்பக்கமெல்லாம் பொரிப்பொரியாக வெள்ளைச் சிப்பிகள் ஒட்டியிருக்கும். தெரியாதவர்கள் வந்தால், ராமேஸ்வரத்துக் கடையில் வாங்கியதா என்று கேட்பார்கள். சபை ஆட்கள் வந்தால் கேட்க மாட்டார்கள். அதைத் தொட்டுப் பார்த்து ஸ்தோத்திரம் என்பார்கள். அப்போதெல்லாம் நான் அடுப்படிப் பக்கம் போய்விடுவேன்.

நான் சமையல்காரன். கல்யாணச் சமையல் இல்லை, கேம்ப் சமையல். எங்கள் மலையில், பூண்டிக்கு மேலே காட்டோரத்திலும் மன்னவனூர்ப் புல்வெளியிலும் கூடாரம் போட்டுத் தங்க வருகிற பிள்ளைகளுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் மூன்று வேளையும் சமைத்துப் போடுவது என் சோலி. மார்கழியில் விடிந்து எழுந்தால் கூடாரத் துணியின் மேல் பனி உறைந்து, தட்டினால் கண்ணாடி மாதிரி நொறுங்கி விழும். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தண்ணீரை யாரும் சுமப்பதில்லை. ஏற்றத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் ஒரு பிள்ளையைத் தூக்குகிற மாதிரி கனக்கும். அதனால் காலையில் ஆளாளுக்கு மிச்சம் வைத்திருக்கிற பாட்டில் தண்ணீரையெல்லாம் வாங்கி டீ கெட்டிலில் கவிழ்த்துவிடுவேன். காலி பாட்டிலோடு நடந்தால் அரை மணிக்குள் ஒரு ஓடை குறுக்கே வந்தே தீரும். அங்கே நிரப்பிக்கொள்ளலாம். எங்கள் வீட்டுக்கே மேலே உள்ள ஊற்றிலிருந்து கறுப்பு ஓஸ் வழியாகத் தண்ணீர் இரவும் பகலும் விழுந்துகொண்டிருக்கிறது. அதை மூட ஒரு குழாய்கூட மாட்டியதில்லை. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், தண்ணீர் இல்லாத இடம் என்று ஒன்று இருக்க முடியும் என்பது கடலுக்குப் போகிறவரை என் புத்திக்கு எட்டவே இல்லை.

எங்களைக் கடலுக்குக் கூட்டிப் போனவர் விலங்கியல் சார். மலையில் பறவை பார்க்க வருகிற பிள்ளைகளை வழிநடத்துகிறவர். அவர் நடத்திய கேம்ப் எல்லாவற்றுக்கும் நான்தான் சமைத்தேன். ஒரு டிசம்பரில், கிறிஸ்துமஸ் கழிந்த கையோடு, பிள்ளைகள் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு மன்னார் வளைகுடாக் கரையில் நான்கு நாள் கூடாரம் போடலாம், வனத்துறையில் அனுமதி வாங்கி ஒரு தீவில் இறங்கிப் பார்க்கலாம் என்றார். பெண் பிள்ளைகளும் இருந்ததால் என் வீட்டுக்காரியையும் கூட வரச் சொன்னார். எங்கள் இரண்டு பேருக்கும் அதுவரை கடல் தெரியாது. டிசம்பர் கேம்ப் என்றால் எங்களுக்குக் குளிர்தான். நான் ஆளுக்கொரு கம்பளி, ஸ்வெட்டர், குரங்குக் குல்லா எல்லாம் மூட்டை கட்டினேன். ராமநாதபுரம் தாண்டும்போதே வேனுக்குள் வேர்த்து ஊற்றியது. அவள் குல்லாவைக் கழற்றி என் மடியில் வைத்து, “சமையல்காரரே, இதுல இட்லி அவிச்சுக் குடுங்க” என்றாள். சார் சிரித்ததில் கண்ணாடியே நழுவிவிட்டது.

கடலை முதலில் பார்த்தபோது எனக்கு அது புதிதாகவே தோன்றவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? எங்கள் ஊரில் மார்கழிக் காலையில் மலைக்குக் கீழே பள்ளம் முழுக்க மேகம் தேங்கி நிற்கும். வெள்ளையாக, விளிம்பு வரைக்கும். அதற்குள்ளிருந்து சின்னச் சின்னக் கரட்டுக் குன்றுகளின் தலை மட்டும் அங்கங்கே நீட்டிக்கொண்டு தெரியும். தீவு என்ற சொல் தெரியாமலே தீவுகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் எங்கள் மேகத்துக்குச் சத்தம் கிடையாது. கடல் பேசிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் சார் எங்களை ஒரு உப்பங்கழிப் பக்கம் கூட்டிப் போனார். தூரத்தில் தண்ணீருக்கு நடுவே ஒரு வேலி மாதிரி ஏதோ இருந்தது. வேலி அசைந்தது. அப்புறம் மொத்தமாக எழும்பியது. அத்தனையும் பூநாரைகள். மடக்கி இருந்தவரை வெள்ளை, இறக்கை விரித்ததும் அடியில் ரத்தச் சிவப்பு. என் வீட்டுக்காரி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். கோயிலுக்குள் நுழையும்போதுதான் அவள் அப்படிச் செய்வாள்.

மறுநாள் வெள்ளனே படகு. படகுக்காரத் தம்பி தன் அக்காவையும் கூட்டி வந்திருந்தார். அந்த அக்கா கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவர். அந்தக் கரையில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் செய்கிற தொழில் அது. பாறையில் கை கிழியாமல் இருக்க விரல்களில் துணி சுற்றிச் சுற்றி, துணி இல்லாதபோதும் அந்த விரல்கள் சுற்றியது மாதிரியே வீங்கிச் சுருங்கியிருந்தன. நெற்றியில் பட்டையாக விபூதி, சேலைக்கு மேலே ஒரு பழைய ஆண்கள் சட்டை. பிள்ளைகள் கரையைத் தாண்டுவதற்குள் அவருக்குப் பாசி அக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். என்னை அவர் அண்ணே என்றார், என் வீட்டுக்காரியை மதினி என்றார். பாத்திரங்களை ஏற்றும்போது ஒவ்வொன்றாகப் பார்த்து, “என்னண்ணே, கல்யாணம் எதுவும் வச்சிருக்கீகளா தீவுல?” என்று கேட்டார். கெட்டில், சின்ன கேஸ் அடுப்பு, ரவை, வெங்காயம், சீனி, மூன்று விதமான கரண்டி. தீ மூட்டக் கூடாது என்று அனுமதிச் சீட்டில் இருந்ததால் விறகு மட்டும்தான் இல்லை என்று நினைத்தேன்.

அன்று காலை கடல் எண்ணெய் தேய்த்த மாதிரி கிடந்தது. அடியில் கடல்புல் தெரிந்தது, பச்சைப் புல்வெளி, மன்னவனூரைத் தண்ணீருக்குள் இறக்கி வைத்த மாதிரி. படகுக்காரத் தம்பி திடீரென்று என்ஜினை நிறுத்திக் கை காட்டினார். பத்தடி தள்ளி இரண்டு மூக்குத் துவாரம் மேலே வந்து, பெருமூச்சு விட்டது. தொழுவத்தில் மாடு விடுகிற அதே மூச்சு. பிறகு ஒரு சாம்பல் முதுகு உருண்டு, அகலமான வால் தெரிந்து, மறைந்துவிட்டது. “ஆவுளியா” என்றார் பாசி அக்கா. “கடல்பசு. இத்தன வருசத்துல நானே நாலு தடவதான் பாத்திருக்கேன். ஒங்க ராசி.” எங்கள் மலையில் காட்டுமாட்டை வழியில் பார்த்தால் மூச்சை அடக்கிக்கொண்டு மரத்தின் பின்னால் நிற்போம். இதுவும் ஒரு மாடு, இதுவும் புல்தான் மேய்கிறது, மூச்சு வாங்க மட்டும் மேலே வருகிறது. ஆண்டவர் ஒரே வேலையை எத்தனை இடத்தில் எத்தனை விதமாகச் செய்து வைத்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, என் வீட்டுக்காரி படகின் விளிம்பில் தலையைக் கவிழ்த்து முதல் தடவை வாந்தி எடுத்தாள்.

தீவு என்றால் நீளமாக ஒரு மணல் முதுகு, அவ்வளவுதான். ஓரமெல்லாம் செத்த பவளக் கல், நடக்க நடக்கப் பீங்கான் உடைந்த மாதிரி கிணுகிணுக்கும். நடுவில் கொஞ்சம் பூவரசு, தாழம்புதர், ஊதாப் பூவோடு படர்ந்த அடம்பங்கொடி. படகுக்காரத் தம்பி எங்களை இறக்கிவிட்டு, வேறு ஒரு சோலி இருக்கிறது, பத்து மணிக்கு வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்று போய்விட்டார். பாசி அக்கா எங்களோடு நின்றுகொண்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் குனிந்தார்கள். சங்கு நகர்ந்துபோகும், எடுத்தால் உள்ளே ஒரு நண்டு குடியிருக்கும். முழங்கால் தண்ணீரில் வெள்ளரிக்காய் மாதிரி கடல் அட்டை கிடக்கும். தலைக்கு மேல் ஆலாப் பறவைகள் காற்றில் ஆணியடித்த மாதிரி நின்று, நேராகக் கீழே விழுந்து மீனோடு எழும்பும். சார் நீளக் காலுடைய ஒரு வெள்ளைப் பறவையைக் காட்டி, இது நண்டு மட்டும் தின்பது, மணலில் குழி பறித்து முட்டையிடுகிற இனம், குளிருக்கு வேறு தேசத்திலிருந்து இங்கே வந்திருக்கிறது என்றார். நான் வழக்கம்போல அடுப்பைப் பற்றவைத்தேன். வழக்கம்போல எல்லாப் பாட்டிலையும் வாங்கினேன். கொஞ்சம் டீ, கொஞ்சம் உப்புமா. கடைசிப் பாட்டிலில் இருந்த தண்ணீரில் கரண்டியைக்கூட அலசினேன்.

டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டுக் காலிப் பாட்டில்களைக் கயிற்றில் கோர்த்துத் தோளில் போட்டுக்கொண்டேன். “ஏம்மா, ஓடை எந்தப் பக்கம்?” என்று பாசி அக்காவிடம் கேட்டேன்.

அவர் டீ டம்ளரை வாயிலிருந்து எடுத்தார். “என்னது?”

“ஓடைம்மா. தண்ணி புடிக்க.”

“அண்ணே, இது தீவு.” என் முகத்தைப் பார்த்தார். பாட்டில்களைப் பார்த்தார். “அப்ப கொண்டாந்த தண்ணி?”

நான் கெட்டிலைக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “சரி விடுங்க. பத்து மணிக்குத் தம்பி வந்துரும். அம்புட்டு நேரத்துல யாரும் செத்துற மாட்டாக.” தன் மடியிலிருந்து ஒரு அரை லிட்டர் பாட்டிலை எடுத்து, “மதினிக்கு இதக் குடுங்க, தொண்டைய நனைக்கட்டும்” என்றார். அவருக்கென்று கொண்டு வந்தது அது ஒன்றுதான்.

பத்து மணிக்குத் தம்பி வரவில்லை. ஒன்பதரைக்கே வாடைக்காற்று எழும்பிவிட்டது. காலையில் எண்ணெயாகக் கிடந்த கடல் முழுக்க வெள்ளை நுரை. போனில் சிக்னல் எடுக்கவில்லை. சார் தீவின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். பதினொன்று ஆனது. என் வீட்டுக்காரி எட்டாவதோ ஒன்பதாவதோ தடவை வாந்தி எடுத்து, எடுக்க எதுவும் இல்லாமல் குமட்டிக்கொண்டே இருந்தாள். அந்த அரை லிட்டரும் குடித்த வேகத்தில் வெளியே வந்துவிட்டது. பூவரசு நிழலில் படுக்கவைத்தோம். உதடு வெடித்துப்போயிருந்தது. புறங்கைத் தோலைப் பிடித்து விட்டால் பிடித்தபடியே நின்றது. கேம்ப்புக்குப் போகிறவன் என்பதால் அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும், உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் ‘ம்’ என்பாள், அந்த ‘ம்’முக்கும் நேரம் எடுத்தது. பிள்ளைகளும் சுருண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சார் என் தோளைத் தொட்டு, “தப்பு என்னோடது, நான்தான் பாத்திருக்கணும்” என்றார். நல்ல மனிதர். ஆனால் தப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர், அதன் நடுவில் என் மனைவி தாகத்தில் கிடக்கிறாள், நான் அவள் தண்ணீரில் கரண்டி அலசியிருக்கிறேன்.

நான் எழுந்து தண்ணீர் ஓரத்துக்குப் போனேன். மணலில் முழங்காலிட்டேன். ஆண்டவரே, என் முட்டாள்தனத்தை அவள் தலையில் வைக்காதேயும் என்று மட்டும்தான் சொல்ல வந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதுகுப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. “அண்ணே, ஏண்ணே, மதினியத் தூக்கிட்டு வெரசா வாங்க.” கண்ணைத் திறந்து திரும்பினால் தீவின் நடுவில், அடம்பங்கொடி படர்ந்த மேட்டுக்கு அப்பால், பாசி அக்கா இடுப்பளவு மட்டும் தெரிந்தார்.

அவர் ஒரு குழிக்குள் மண்டியிட்டிருந்தார். முழங்கை ஆழம் இருக்கும். தோண்ட மண்வெட்டி ஏது? கரை ஒதுங்கிக் கிடந்த ஒரு சிரட்டையால்தான் தோண்டியிருக்கிறார். குழியின் அடியில் கலங்கலாகத் தண்ணீர். அதைச் சிரட்டையால் இறைத்து வெளியே ஊற்றினார். பக்கத்து மணலிலிருந்து மறுபடி ஊறியது. அதையும் இறைத்து ஊற்றினார். எனக்குப் பதறியது. இருக்கிறதையும் கொட்டுகிறாரே என்று கையைப் பிடிக்கப் போனேன். “பொறுங்கண்ணே, மொதத் தண்ணி ரெண்டாந் தண்ணி ஆகாது” என்றார். மூன்றாவதாக ஊறியது தெளிந்து நின்றது. அதைச் சிரட்டையில் மொண்டு, முதலில் தன் நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, அப்புறம் என் வீட்டுக்காரியின் தலையைத் தன் மடியில் வைத்து, சொட்டுச் சொட்டாக உதட்டில் விட்டார். என் வீட்டுக்காரி கண்ணைத் திறந்தாள். விழுங்கினாள். கொஞ்சம் கழித்து, “உப்பே இல்லைங்க” என்றாள். அன்று காலையிலிருந்து அவள் பேசிய முதல் முழு வார்த்தை.

நானும் ஒரு வாய் குடித்தேன். எங்கள் ஊற்றுத் தண்ணீர் போல் குளிர்ச்சி இல்லை, கொஞ்சம் மண் வாசம், ஆனால் நல்ல தண்ணீர். இந்தப் பக்கம் நூறு அடியில் கடல், அந்தப் பக்கம் நூறு அடியில் கடல். நடுவில் ஒரு முழக் குழியில் மழைத் தண்ணீர் உப்போடு சேராமல் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. உப்புத் தண்ணீர் கனம், நல்ல தண்ணீர் லேசு, பெய்த மழை மணலுக்குள் இறங்கி உப்பின் மேல் மிதக்கும் என்று சார் பிள்ளைகளுக்கு விளக்கினார். அவர் விளக்கியதில் என் பிரமிப்பு கூடத்தான் செய்தது. இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டிருக்கிற அத்தனை பெரிய கடலுக்கு மேல், ஒரு துணி விரித்த மாதிரி, இத்தனை சின்ன இனிப்பு. பிள்ளைகளில் ஒருத்தன் ஆர்வத்தில் குழியை இன்னும் ஆழமாக்கப் போனான். பாசி அக்கா அவன் கையைத் தட்டிவிட்டார். “ஏலே, கீழ போகாத. ஆழமாத் தோண்டுனா உப்பு ஏறிரும். இருக்கறதக் கொஞ்சங் கொஞ்சமா எடுக்கணும், எடுத்துட்டு ஊற விடணும்.” அப்படித்தான் எடுத்தோம். ஒவ்வொரு சிரட்டையாக, ஒருவர் குடிக்கும்வரை மற்றவர் காத்திருந்து. மூன்று மணிக்குக் காற்று தணிந்து தம்பி படகோடு, பயந்துபோன முகத்தோடு, இரண்டு பெரிய கேனில் தண்ணீரோடு வந்து சேர்ந்தபோது என் வீட்டுக்காரி எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது பாசி அக்கா குழியை மூடவில்லை. ஒரு பக்க மணலைச் சரித்து வழி மாதிரி ஆக்கிவிட்டார். ஏன் என்றேன். “பறவ பட்சி எதுவும் தவறி விழுந்தா ஏறி வரணும்ல” என்றார். படகு தள்ளிப் போனதும் திரும்பிப் பார்த்தேன். நண்டு தின்கிற அந்த வெள்ளைப் பறவை ஒன்று மேட்டின் மேல் நின்று குழிப்பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. சிரட்டை என் கையில் இருந்தது. கரையில் இறங்கியதும் அவரிடம் நீட்டினேன். “அது கெடக்குண்ணே, எனக்கெதுக்கு. மலைக்குக் கொண்டு போங்க, அங்கதான ஓடை நெறையா இருக்கு” என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நன்றி என்று நான் சொன்னேனா என்றுகூட இப்போது ஞாபகம் இல்லை.

இனிமேல்தான் எழுதக் கூச்சமான இடம். வருஷப் பிறப்பு ஆராதனையில் எங்கள் சபையில் ஆளாளுக்குச் சாட்சி சொல்வது வழக்கம், கடந்த வருஷத்தில் ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்ல வேண்டும். நான் எழுந்தேன். தீவில் தண்ணீர் இல்லாமல் போயிற்று என்றேன். என் மனைவி சாகக் கிடந்தாள் என்றேன். நான் முழங்காலிட்டு ஜெபித்துக் கண்ணைத் திறந்தேன், உப்புக் கடலின் நடுவே நல்ல தண்ணீர் இருந்தது என்றேன். சபை முழுக்க ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றது. பாட்டிமார் கண்ணைத் துடைத்தார்கள். சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. தண்ணீர் இல்லாமல் போனது யாரால் என்று சொல்லவில்லை. அந்தக் குழியைத் தோண்டிய கை யாருடையது என்று சொல்லவில்லை. சொல்லத்தான் வாயெடுத்தேன். விபூதி பூசிய ஒரு நெற்றி ஞாபகம் வந்தது, இந்த இடத்தில் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, விழுங்கிவிட்டேன். உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரி என்னைப் பார்க்காமல் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அந்தச் சாட்சி என் கையில் இல்லை. அடுத்த வருஷம் அது பக்கத்துச் சபைக்குப் போயிருந்தது. வட்டக்கானலில் ஒரு துக்க வீட்டில் என்னையே கூப்பிட்டு, ஒரு சகோதரர் கடல் தண்ணீரைக் கையில் அள்ளி ஜெபித்தாராம், அப்படியே இனித்ததாம், உங்களுக்குத் தெரியுமா என்று ஒருவர் கேட்டார். தெரியும் என்றேன். வீட்டில் மட்டும் அவ்வப்போது ஒரு முள் குத்தும். காய்கறி வாங்க மறந்து வந்தால், “பரவாயில்ல, மண்டி போட்டுக் கண்ணத் தொறங்க, கத்திரிக்கா வந்துரும்” என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். நானும் சிரிப்பேன். அலமாரிக் கண்ணாடிக்குள் சிரட்டை எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

போன வருஷம் டிசம்பரில் கூட்டங்களுக்கு வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்திருந்தார். அவருக்கு என்னைத் தெரியாது. நல்ல குரல். மலைநாட்டில் ஒரு விசுவாசி இருந்தான், அவன் கப்பல் கவிழ்ந்து ஒரு தீவில் ஒதுங்கினான் என்று ஆரம்பித்தார். என் காது சூடாகிவிட்டது. முன்வரிசையில் எங்கள் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அதே கரைக்கு மறுவாரம் கேம்ப் போகிறார்கள். அவர்களையும் ஒரு தீவில் இறக்க ஏற்பாடு ஆகியிருந்தது. கூட்டம் முடிந்து வெளியே சாமான் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணிக் கேன் எத்தனை என்று ஒரு பெண் கேட்டாள். சங்கத்துச் செயலாளர் தம்பி என்னைப் பார்த்துக் கை காட்டி, “ரெண்டு போதும், வேன்ல எடமில்ல. கொறஞ்சா அங்கிள் மாதிரி ஜெபம் பண்ணிக்கலாம்” என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். பாதி விளையாட்டு. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு நடக்கும் வழியில் என் வீட்டுக்காரி சிரிக்கவில்லை. பாதி ஏற்றத்தில் நின்றாள். “ஒண்ணு சொல்லணும். இத்தன வருசமா நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்” என்றாள். “நீங்க தண்ணியோரம் போய் முட்டி போடுறதுக்கு முன்னாலயே பாசி அக்கா எந்திரிச்சுப் போயிட்டாங்க. நான் படுத்துக்கிட்டே பாத்தேன். நீங்க அந்தப் பக்கம் நடந்தப்ப அவங்க தண்ணி எங்க இருக்கும்னு செடி செடியாத் தொட்டுப் பாத்துக்கிட்டு இந்தப் பக்கம் நடந்துக்கிட்டு இருந்தாங்க. கையில அந்தச் செரட்ட இருந்துச்சு.” அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி நடக்க ஆரம்பித்தாள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். முதலில் வெட்கம் வந்தது. அப்புறம், அதைவிடப் பெரியதாக, அந்தக் காலையில் கடல்பசுவின் மூச்சைக் கேட்டபோது வந்ததே ஒரு பிரமிப்பு, அது வந்தது. இத்தனை வருஷமாக நான் கேட்டதால் ஆண்டவர் கொடுத்தார் என்று நினைத்திருந்தேன். நான் கேட்பதற்கு முன்பே அவர் ஒரு பெண்ணை எழுப்பி நடக்கவிட்டிருக்கிறார். அவளுடைய கையில் சிரட்டையைக் கொடுத்திருக்கிறார். அதற்கும் இரண்டு மாதம் முன்னால், ஐப்பசியில், யாருக்கென்று தெரியாமலே அந்த மணலில் மழையை இறக்கி வைத்திருக்கிறார். நான் சொன்ன அற்புதம் ரொம்பச் சின்னது. நடந்தது அதைவிடப் பெரியது. அதை நான்தான் வெட்டிச் சுருக்கி என் உயரத்துக்குத் தைத்துப் போட்டுக்கொண்டேன்.

அந்த ஞாயிறு பிள்ளைகளை வழியனுப்ப ஜெபிக்கும்படி போதகர் என்னைத்தான் கூப்பிட்டார். நான் சிரட்டையைத் துணியோடு எடுத்துப் போயிருந்தேன். ஜெபிப்பதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்து, ஓடை எந்தப் பக்கம் என்று கேட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டி அலசியதையும் சொன்னேன். பாசி அக்காவைச் சொன்னேன், அவருடைய நெற்றியையும் சொன்னேன். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். பின்வரிசையில் யாரோ, “அப்ப கடல் தண்ணி இனிக்கலையா?” என்று மெதுவாகக் கேட்டது எனக்குக் கேட்டது. சில முகங்களில் வருத்தம், கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி. முடித்துவிட்டு வெளியே வந்து வேனின் பின்சீட்டைக் கழற்றச் சொன்னேன். பத்து கேன் ஏற்றினேன். செயலாளர் தம்பிதான் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தான்.

மூன்றாம் நாள் அவனுடைய போனிலிருந்து எனக்கு ஒரு குரல் பதிவு வந்தது. பாசி அக்காவை விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டார்களாம். காற்றுச் சத்தம், பிள்ளைகள் சிரிக்கிற சத்தம், அதற்கு நடுவில் அந்தக் குரல், கொஞ்சம் வயசாகியிருந்தது. “அண்ணே, நல்லாருக்கீகளா? ஒங்களை மறப்பேனா? எங்க ஊருல எல்லாருக்கும் ஒங்களைத் தெரியும். மலையில இருந்து அடுப்பு, கெட்டிலு, மூணு கரண்டி எல்லாம் கொண்டாந்து, தண்ணிய மட்டும் விட்டுட்டு வந்து ஓடை எங்கன்னு கேட்டாரு ஒரு அண்ணன்னு சின்னப் புள்ளைகளுக்கெல்லாம் சொல்லிருக்கேன். அவுக படகேறுறப்ப ஓடை எந்தப் பக்கம்னு கேட்டுத்தான் கேன எண்ணுவாக. மதினி நல்லாருக்காகளா? அவுககிட்டக் குடுங்க.” என் வீட்டுக்காரி போனைக் காதில் வைத்து மூன்று தடவை கேட்டாள். அப்புறம் தானும் ஒரு பதிவு அனுப்பினாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் காட்டவில்லை.

இத்தனை வருஷமும் நடந்ததை நடந்தபடியே ஒரு கரையில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வளர்ந்ததும் திரிந்ததும் எங்கள் மலையில்தான், என் வாயிலிருந்து. இன்று காலையும் கீழே பள்ளம் முழுக்க மேகம் தேங்கி, கரடுகள் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. அலமாரியில் இப்போது சிரட்டை இல்லை. பின்பக்கம் கறுப்பு ஓஸ் விழுகிற இடத்தில் கல்மேல் கிடக்கிறது. வருகிறவர்கள் அதில் மொண்டு குடிக்கிறார்கள். குடித்தவர்கள் இது ஏது என்று கேட்டால் சொல்கிறேன். படிக்கிற நீங்களும் யாரிடமாவது சொல்வதென்றால் இருக்கிறபடியே சொல்லுங்கள். அற்புதம் போதாது என்று எதையும் சேர்க்க வேண்டாம், அது போதும். முக்கியமாக, தண்ணீர் கொண்டுபோக மறந்தவனையும், அவன் முழங்காலிடுவதற்கு முன்பே சிரட்டையோடு எழுந்து நடந்தவரையும் விட்டுவிடாதீர்கள்.